ஜோ காக்கர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜோ காக்கர் யார்?

இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரத்தில் பிறந்த ராக் பாடகர். பிறந்தது 1944 மே 20. மறைந்தது 2014 டிசம்பர் 22. தொண்டையைக் கிழித்துக்கொண்டு வருவது போன்ற கரகரத்த குரல், மேடையில் ஓயாமல் அலையும் கைகள், 1969இல் அமெரிக்காவில் நடந்த உட்ஸ்டாக் இசை விழாவில் வியர்வையில் நனைந்த வண்ணச் சட்டை. பலருக்கு அவரைப் பற்றித் தெரிந்தது இவ்வளவுதான்.

இன்னொன்றையும் ஆரம்பத்திலேயே சொல்லிவிட வேண்டும். அவர் புகழ் பெற்ற பாட்டுகளில் பெரும்பாலானவை பிறர் எழுதியவை. சொந்தமாக எழுதுபவனே உண்மையான கலைஞன் என்ற எண்ணம் ராக் உலகில் ஊறிப்போன ஒன்று. அதனால் அவரை இரண்டாம் வரிசையில் வைத்துப் பேசியவர்கள் நிறையப் பேர். எனக்கு அதில் உடன்பாடு கிடையாது. ஒரு பாட்டுக்குள் எழுதியவருக்கே தெரியாமல் இருந்த ஒன்றைத் தோண்டி எடுத்துக் காட்டுவது தனிக் கலை. அந்தக் கலையில் அவருக்கு நிகரானவர்கள் மிகச் சிலர்.

இளமைக்காலம் எப்படி இருந்தது?

ஷெஃபீல்ட் எஃகு ஆலைகளின் ஊர். கத்தி, கரண்டி முதல் கனரக இயந்திரங்களுக்கான இரும்பு வரை அங்கே வார்த்தெடுப்பார்கள். அந்த ஊரின் க்ரூக்ஸ் பகுதியில், டாஸ்கர் சாலையில் ஒரு சாதாரண வீடு. அப்பா ஹெரால்ட் அரசு ஊழியர். அம்மா மேட்ஜ். விக்டர் என்று ஓர் அண்ணன். பெற்றோர் வைத்த பெயர் ஜான் ராபர்ட் காக்கர். 'ஜோ' என்பது சிறு வயதிலேயே ஒட்டிக்கொண்ட செல்லப்பெயர்.

முதலில் அவரை ஈர்த்தது பாடகர் லோனி டோனகன். கிதாரும் தகர வாஷ்போர்டும் வைத்து வாசிக்கும் ஸ்கிஃபிள் இசை அப்போது பிரிட்டன் முழுக்கப் பையன்களைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது. அப்புறம் ரே சார்ல்ஸின் குரல் காதில் விழுந்தது. அதற்குப் பிறகு காக்கருக்கு வேறு குரு தேவைப்படவில்லை. எஃகு ஆலை ஊரில் வளர்ந்த வெள்ளைக்காரப் பையன், அமெரிக்கத் தென்மாநிலக் கறுப்பினப் பாடகரின் மூச்சையும் அழுகையையும் தன் தொண்டைக்குள் கொண்டுவர வருடக்கணக்கில் முயன்றிருக்கிறான். அந்த முயற்சியில் பிறந்ததுதான் அவருடைய குரல்.

பாட்டுக்கு முன் என்ன வேலை பார்த்தார்?

கேஸ் ஃபிட்டர். ஷெஃபீல்ட் சென்ட்ரல் டெக்னிக்கல் பள்ளியை விட்டு வந்ததும் கிழக்கு மிட்லண்ட்ஸ் எரிவாயு வாரியத்தில் பயிற்சியாளராகச் சேர்ந்தார். பகலில் வீடு வீடாகப் போய் எரிவாயுக் குழாய் பொருத்துவார். இரவில் பப்களில் பாடுவார்.

1960இல் நண்பர்களோடு சேர்ந்து தொடங்கிய முதல் குழுவின் பெயர் 'தி காவலியர்ஸ்'. ஓர் இளைஞர் மன்றத்தில் முதல் நிகழ்ச்சி. பாட வந்த அவர்களையே நுழைவுக் கட்டணம் கட்டிவிட்டு உள்ளே போகச் சொன்னார்களாம். அடுத்த வருடம் 'வான்ஸ் ஆர்னால்ட் அண்ட் தி அவெஞ்சர்ஸ்' என்று ஒரு குழு. அதில் வான்ஸ் ஆர்னால்ட் இவரேதான். எல்விஸ் பிரெஸ்லி 'ஜெயில்ஹவுஸ் ராக்' படத்தில் ஏற்ற பாத்திரத்தின் பெயர் வின்ஸ். அது இவர் காதில் 'வான்ஸ்' என்று விழுந்திருக்கிறது. அதோடு நாட்டுப்புறப் பாடகர் எடி ஆர்னால்டின் பெயரையும் சேர்த்துக்கொண்டார். 1963இல் ஷெஃபீல்ட் சிட்டி ஹாலில் ரோலிங் ஸ்டோன்ஸ் நிகழ்ச்சிக்கு முன்னால் பாடும் வாய்ப்பு கிடைத்தது இந்தக் குழுவுக்குத்தான்.

முதல் இசைத்தட்டு எப்போது வந்தது?

1964இல், டெக்கா நிறுவனத்திலிருந்து. பீட்டில்ஸின் 'ஐ'ல் க்ரை இன்ஸ்டெட்' பாட்டுதான். ஆக, முதல் தட்டே கவர்தான், அதாவது பிறர் பாட்டைத் தன் பாணியில் பாடியது. அதில் கிதார் வாசித்தவர்களில் ஒருவர் ஜிம்மி பேஜ். அப்போது கூலிக்கு வாசிக்கும் ஸ்டுடியோ கலைஞர், அவருடைய புகழ்பெற்ற ராக் குழுவான லெட் செப்பலின் உருவாக இன்னும் நான்கு வருடம் இருந்தது. டெக்கா நன்றாகவே விளம்பரம் செய்தது, தட்டு விற்கவில்லை. அந்த வருடக் கடைசியில் ஒப்பந்தமும் போனது. அடுத்து ஒரு குழு தொடங்கிக் கலைந்தது, சில காலம் பாட்டே இல்லை. 1966இல் கீபோர்ட் வாசிக்கும் கிறிஸ் ஸ்டெய்ன்டனோடு சேர்ந்து 'கிரீஸ் பேண்ட்' தொடங்கிய பிறகுதான் காற்று திரும்பியது. இந்த ஸ்டெய்ன்டன் காக்கரின் வாழ்க்கையில் மிக முக்கியமானவர். பின்னாளில் கிதார் கலைஞர் எரிக் கிளாப்டன் குழுவிலும் நெடுங்காலம் வாசித்தார்.

'வித் எ லிட்டில் ஹெல்ப் ஃப்ரம் மை ஃப்ரெண்ட்ஸ்' பாட்டில் அப்படி என்ன செய்தார்?

இந்தக் கேள்விக்கு நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் காக்கர் யார் என்பது முழுக்க இதில் இருக்கிறது.

மூலப்பாட்டு 1967இல் பீட்டில்ஸின் 'சார்ஜன்ட் பெப்பர்' ஆல்பத்தில் வந்தது. எழுதியவர்கள் ஜான் லெனனும் பால் மெக்கார்ட்னியும். பாடியது டிரம்மர் ரிங்கோ ஸ்டார். ரிங்கோவின் குரல் வரம்பு சின்னது. அந்த வரம்புக்குள் அடங்கும்படி, தோளில் கை போட்டு நடக்கும் நண்பர்களின் ஜாலியான பாட்டாக எழுதிக் கொடுத்தார்கள். கேட்டால் முகத்தில் ஒரு சிரிப்பு வரும். மூன்று நிமிடம் ஆவதற்குள் முடிந்துவிடும்.

காக்கர் முதலில் கை வைத்தது தாளத்தில். நம் கணக்கில் சொன்னால், நான்கு நான்காக எண்ணும் சதுஸ்ரத்தில் துள்ளிப்போன பாட்டை மூன்று மூன்றாக எண்ணும் திஸ்ரத்துக்கு மாற்றி, வேகத்தையும் வெகுவாகக் குறைத்தார். தாளம் மெதுவானதும் ஒவ்வொரு சொல்லுக்கும் இடையே இடம் கிடைத்தது. அந்த இடத்தில்தான் அவர் அழுகிறார், கெஞ்சுகிறார், அலறுகிறார்.

தொடக்கத்தைக் கேட்டுப் பாருங்கள். டாமி அயர் வாசிக்கும் ஆர்கன் தேவாலயத்தில் ஒலிப்பது போல மெல்ல எழும். அது தணியும் நேரத்தில் ஜிம்மி பேஜின் கிதார் இடிபோல வந்து விழும்; கூடவே புரோகோல் ஹேரம் குழுவின் பி. ஜே. வில்சன் டிரம்ஸில் அடிக்கும் அடிகள். சட்டென்று எல்லாம் அடங்கி, காக்கரின் குரல் தனியாக, ஏறத்தாழப் பேச்சு மாதிரி நுழைகிறது. பின்னணிப் பெண் குரல்கள் கேள்வி கேட்கின்றன, இவர் பதில் சொல்கிறார். மூலப்பாட்டிலும் இந்தக் கேள்வி பதில் உண்டு. அங்கே அது விளையாட்டு. இங்கே அது மன்றாட்டு. ரிங்கோவுக்கு நண்பர்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள். காக்கரின் பாட்டில் நண்பர்கள் வருவார்களா என்பதே நிச்சயமில்லை. வரிகள் அதேதான். பொருள் மட்டும் மாறிவிட்டது. நடுப்பகுதி முடியும் இடத்தில் அவர் விடும் அலறலை எத்தனை முறை கேட்டாலும் எனக்கு மயிர்க்கூச்செறியும்.

டென்னி கார்டெல் தயாரித்த இந்தப் பதிவு 1968 நவம்பரில் பிரிட்டனில் முதலிடம் பிடித்தது.

பீட்டில்ஸ் இதற்கு என்ன சொன்னார்கள்?

மனம் நிறைந்து வரவேற்றார்கள். காக்கரும் கார்டெலும் லண்டனில் தன்னிடம் வந்து பதிவைப் போட்டுக் காட்டியதையும், அது அந்தப் பாட்டை அப்படியே ஒரு சோல் (அமெரிக்கக் கறுப்பினத்தவரின் உணர்ச்சி ததும்பும் இசை) கீதமாக மாற்றியிருந்ததையும் பால் மெக்கார்ட்னி பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். அதற்காக என்றென்றும் நன்றியுள்ளவன் என்றார். வெறும் வாய்வார்த்தை இல்லை. 1969இல் வந்த காக்கரின் இரண்டாவது ஆல்பத்தில் பீட்டில்ஸின் இரண்டு பாட்டுகளைப் பாட அவர்களே அனுமதி கொடுத்தார்கள். அதில் ஒன்று ஜார்ஜ் ஹாரிசனின் 'சம்திங்'.

உட்ஸ்டாக்கில் என்ன நடந்தது?

1969 ஆகஸ்ட் 17, ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். நியூயார்க் மாநிலத்தில் ஒரு பால்பண்ணை நிலத்தில் சுமார் 4 லட்சம் பேர். இரண்டு நாள் மழை, சேறு, தூக்கமின்மை எல்லாம் தாண்டி உட்கார்ந்திருந்த கூட்டத்துக்கு அன்றைய முதல் நிகழ்ச்சி காக்கருடையது. பிரிட்டனுக்கு வெளியே அவரைத் தெரிந்தவர்கள் அப்போது அதிகமில்லை.

ஒரு மணி நேரத்துக்கும் மேல் பாடினார். கடைசிப் பாட்டு 'வித் எ லிட்டில் ஹெல்ப்'. ஸ்டுடியோவில் பெண்கள் பாடிய பின்னணிப் பகுதியைப் பாட மேடையில் பெண் குரல் எதுவும் கிடையாது. கிதார் வாசித்த ஹென்றி மெக்கலோவும் பேஸ் வாசித்த ஆலன் ஸ்பென்னரும் குரலை உச்சத்துக்கு ஏற்றி அதைப் பாடினார்கள். பிசிறு தட்டத்தான் செய்கிறது. ஆனால் அந்தப் பிசிறுதான் அந்தப் பதிவுக்கு உயிர். நண்பர்களின் உதவியைக் கேட்கும் பாட்டில், பக்கத்தில் நிற்கும் நண்பர்களே தொண்டை கட்டக் கட்டக் கூடப் பாடுகிறார்கள்!

அவர் பாடி முடித்த கையோடு பெரும் புயல்மழை கொட்டி, நிகழ்ச்சி பல மணி நேரம் நின்றுபோனது. 1970இல் உட்ஸ்டாக் ஆவணப்படம் திரைக்கு வந்ததும் காக்கரின் முகம் உலகம் முழுக்கப் போய்ச் சேர்ந்தது.

மேடையில் கைகளை ஏன் அப்படி ஆட்டினார்? உடல்நலக் குறைவா?

இந்தக் கேள்வியை அவர் காலத்திலேயே பலர் கேட்டார்கள். நோய் எதுவும் இல்லை. அவருக்குக் கிதாரோ பியானோவோ வாசிக்கத் தெரியாது. அந்த ஏக்கம்தான் கைகளில் வெளிப்பட்டது என்று அவரே விளக்கியிருக்கிறார். உட்ஸ்டாக் பதிவைப் பார்த்தால் இது புரியும். இடது கை இல்லாத கிதாரின் கழுத்தைப் பிடிக்கும், வலது கை இல்லாத தந்திகளை மீட்டும், அடுத்த நொடி விரல்கள் காற்றில் பியானோ வாசிக்கும். ஆர்கனும் டிரம்ஸும் எங்கே அடிக்கப்போகின்றன என்பது ஒரு கணம் முன்னாடியே அவர் உடம்புக்குத் தெரிந்துவிடுகிறது. வயது ஏற ஏற இந்த அசைவுகள் குறைந்தன, முழுக்கப் போகவில்லை.

'மேட் டாக்ஸ் அண்ட் இங்கிலீஷ்மென்' என்பது என்ன?

1970 மார்ச் முதல் மே வரை நடந்த ஓர் அமெரிக்கச் சுற்றுப்பயணம். அதிலிருந்து வந்த நேரடி ஆல்பத்துக்கும் திரைப்படத்துக்கும் அதே பெயர். ஆங்கிலப் பாடலாசிரியர் நோயல் கவர்டின் பழைய பாட்டு ஒன்றிலிருந்து எடுத்த பெயர்.

கிரீஸ் பேண்ட் கலைந்திருந்தது. ஓயாத பயணத்தில் களைத்துப்போன காக்கர் சற்று ஓய்வெடுக்கலாம் என்று லாஸ் ஏஞ்சல்ஸ் வந்து சேர்ந்தார். வந்த இடத்தில் அவர் பெயரில் ஏற்கெனவே ஒரு நீண்ட பயணம் ஏற்பாடாகி, முதல் நிகழ்ச்சிக்குச் சில நாட்களே மிச்சம் என்று தெரியவந்தது. ரத்து செய்தால் இனிமேல் அமெரிக்காவில் பாடுவதே சிக்கலாகிவிடும் என்றும் சொன்னார்கள். கையில் குழு இல்லை.

அப்போது உதவிக்கு வந்தவர் லியான் ரஸ்ஸல். ஓக்லஹோமாக்காரர், பியானோ, கிதார், பாட்டெழுத்து எல்லாம் கைவந்தவர். காக்கர் பாடிய 'டெல்டா லேடி' இவர் எழுதியதுதான். சுமார் ஒரு வாரத்தில் முப்பதுக்கும் மேற்பட்டவர்களைத் திரட்டினார். டிரம்ஸுக்கு ஜிம் கெல்ட்னர், ஜிம் கார்டன் என்று ஒன்றுக்கு இரண்டு பேர். சாக்ஸஃபோனில் பாபி கீஸ், ட்ரம்பெட்டில் ஜிம் பிரைஸ், பேஸில் கார்ல் ரேடில், பாடகர் குழுவில் ரீட்டா கூலிட்ஜ். குடும்பம், குழந்தைகள், ஒரு நாய் என்று எல்லாரும் ஒரே விமானத்தில் ஊர் ஊராகப் போனார்கள். இரண்டு மாதத்தில் நாற்பதுக்கும் மேற்பட்ட ஊர்கள்.

நியூயார்க்கின் ஃபில்மோர் ஈஸ்ட் அரங்கில் பதிவான அந்த ஆல்பம் அமெரிக்கப் பட்டியலில் இரண்டாம் இடம் வரை போனது. அதிலிருந்து வந்த 'தி லெட்டர்' அமெரிக்காவில் முதல் பத்துக்குள் நுழைந்த அவருடைய முதல் சிங்கிள் (தனிப்பாட்டுத் தட்டு). இவ்வளவு பேர் ஒரே மேடையில் வாசித்தும் ஒலி குழம்பவில்லை என்பது ரஸ்ஸலின் திறமை. என் கணிப்பில் ராக் இசையின் தலைசிறந்த நேரடிப் பதிவுகளில் ஒன்று.

ஆனால் விலை கொடுத்தவர் காக்கர். படத்தைப் பார்த்தாலே தெரியும்: மேடையின் நடுவே அவர் நிற்கிறார், நிகழ்ச்சியை நடத்துவது ரஸ்ஸல். இரவு தவறாமல் குடி, போதைப்பொருள், அடுத்த ஊர். பயணம் முடிந்தபோது உடம்பும் மனமும் ஓய்ந்திருந்தன, கையில் காசும் பெரிதாக மிஞ்சவில்லை. சில மாதங்களில் ஷெஃபீல்டில் பெற்றோர் வீட்டுக்கே திரும்பிவிட்டார்.

ஆஸ்திரேலியாவில் கைதானது உண்மையா?

உண்மை. 1972 அக்டோபரில் அடிலெய்டில் அவரும் குழுவைச் சேர்ந்த சிலரும் கஞ்சா வைத்திருந்ததாகக் கைது செய்யப்பட்டார்கள். அடுத்து மெல்பர்னில் ஒரு ஹோட்டலில் கைகலப்பு. 48 மணி நேரத்தில் நாட்டை விட்டுப் போக வேண்டும் என்று உத்தரவு வந்தது. ரசிகர்கள் கொதித்தார்கள், கஞ்சா சட்டத்தைப் பற்றியே அங்கே ஒரு பொது விவாதம் கிளம்பியது. பின்னாளில் அதே நாட்டில் அவர் பலமுறை பாடினார்.

எழுபதுகளில் அவர் காணாமல் போனாரா?

முழுக்கப் போகவில்லை, ஆனால் மிக மோசமான காலம். ஹெராயின், அதிலிருந்து மீள முயற்சி, அதற்குப் பதிலாகக் கட்டுக்கடங்காத குடி. மேடையில் வரிகள் மறந்தன. நிற்க முடியாத நிலையில் பாடிய நாட்கள் உண்டு. கடனும் ஏறியது. இதை வீரக்கதையாகச் சொல்பவர்கள் மேல் எனக்கு மரியாதை இல்லை. முப்பது வயதில் உச்சத்தில் இருந்திருக்க வேண்டிய குரலில் பாதி அந்த வருடங்களில் வீணானது.

அந்த இருட்டிலும் ஒரு பாட்டு வந்தது. 1974இல் வெளியான ஆல்பத்தில் இடம்பெற்ற 'யூ ஆர் ஸோ பியூட்டிஃபுல்'. எழுதியவர்கள் பில்லி பிரெஸ்டனும் புரூஸ் ஃபிஷரும். தயாரித்தவர் மேட் டாக்ஸில் ட்ரம்பெட் வாசித்த அதே ஜிம் பிரைஸ். பிரெஸ்டன் பாடியது உற்சாகமான பாட்டு. காக்கர் இங்கேயும் வேகத்தைக் குறைத்து, பியானோவையும் குரலையும் முன்னால் நிறுத்தினார். பாட்டில் மொத்தம் சில வரிகள்தான். கடைசிச் சொல்லில் குரல் மேலே ஏறப் பார்க்கிறது, ஏற முடியாமல் உடைந்து வெறும் காற்றாகிறது. திரும்பப் பாடிச் சரிசெய்யாமல் அதை அப்படியே விட்டிருக்கிறார்கள். அந்த உடைந்த நொடிக்காகவே இந்தப் பாட்டைத் தேடிக் கேட்பவர்கள் உண்டு, நானும் அவர்களில் ஒருவன். 1975இல் அமெரிக்காவில் ஐந்தாம் இடம் வரை போனது.

ஜான் பெலுஷி அவரைக் கிண்டல் செய்தாராமே?

நகைச்சுவை நடிகர் பெலுஷி, காக்கரைப் போல நடித்துக் காட்டுவதில் கெட்டிக்காரர். 1976 அக்டோபரில் 'சாட்டர்டே நைட் லைவ்' தொலைக்காட்சி நிகழ்ச்சியில் காக்கர் 'ஃபீலிங் ஆல்ரைட்' பாடிக்கொண்டிருக்கும்போதே, அதே மாதிரி உடை அணிந்து பெலுஷி பக்கத்தில் வந்து நின்றார். இருவரும் சேர்ந்தே பாடி முடித்தார்கள். தன்னைப் போலவே நெளியும் ஒருவரின் பக்கத்தில் நின்று காக்கர் முழு மனதோடு பாடுவதைப் பாருங்கள். அவ்வளவு நொடிந்த காலத்திலும் மனிதர் பாட்டை விட்டுக்கொடுக்கவில்லை.

எப்படி மீண்டு வந்தார்?

ஒரே நாளில் இல்லை. உட்ஸ்டாக் விழாவை நடத்தியவர்களில் ஒருவரான மைக்கேல் லாங், குடியைக் குறைத்துக்கொண்டால் உன் வேலைகளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று பொறுப்பேற்றார். அப்புறம் பாடலாசிரியர் வில் ஜென்னிங்ஸ். 1981இல் 'குரூசேடர்ஸ்' ஜாஸ் குழுவுக்காக 'ஐ'ம் ஸோ கிளாட் ஐ'ம் ஸ்டாண்டிங் ஹியர் டுடே' என்று ஒரு பாட்டை, காக்கரின் வாழ்க்கையை மனதில் வைத்தே ஜென்னிங்ஸ் எழுதினார். இன்றும் இங்கே நின்றுகொண்டிருப்பதில் எவ்வளவு மகிழ்ச்சி என்பது அதன் சாரம். கிராமி இசை விருது விழா மேடையில் காக்கர் அதைப் பாடியபோது, போய்விட்டார் என்று நினைத்திருந்த பலர் நிமிர்ந்து பார்த்தார்கள்.

1982இல் 'ஆன் ஆபிசர் அண்ட் எ ஜென்டில்மேன்' படத்துக்காக பாடகி ஜெனிஃபர் வார்ன்ஸோடு பாடிய 'அப் வேர் வீ பிலாங்' அமெரிக்காவில் மூன்று வாரம் முதலிடத்தில் இருந்தது. அவர் குரல் தெளிந்த நீர், இவர் குரல் சரளைக்கல். இரண்டும் மாறி மாறி வரும்போதுதான் அந்தப் பாட்டுக்குச் சுவை. காக்கருக்கும் வார்ன்ஸுக்கும் கிராமி கிடைத்தது. எழுதிய ஜாக் நிட்ஷே, பஃபி செயின்ட்-மேரி, ஜென்னிங்ஸ் மூவருக்கும் ஆஸ்கர். பிற்காலத்தில் 'டைட்டானிக்' படத்தின் புகழ்பெற்ற பாட்டுக்கு வரிகள் எழுதியவரும் இதே ஜென்னிங்ஸ்தான்.

1986இல் ராண்டி நியூமனின் 'யூ கேன் லீவ் யுவர் ஹேட் ஆன்', 'நைன் அண்ட் எ ஹாஃப் வீக்ஸ்' படத்தின் வழியாகப் பிரபலமானது. 1987இல் தன் குரு ரே சார்ல்ஸின் 'அன்செயின் மை ஹார்ட்'. அதன் பிறகு மேடைக்கும் ஆல்பத்துக்கும் பஞ்சமே இல்லை.

சொந்தமாக எதுவுமே எழுதவில்லையா?

எழுதினார், பெரும்பாலும் கிறிஸ் ஸ்டெய்ன்டனோடு சேர்ந்து. 'ஹை டைம் வீ வென்ட்', 'உமன் டு உமன்' இரண்டும் கேட்க வேண்டியவை. 'உமன் டு உமன்' பாட்டின் பியானோ துணுக்கு உங்களுக்குத் தெரியாமலேயே தெரிந்திருக்கலாம்: டூபாக், டாக்டர் ட்ரே இருவரின் 'கலிஃபோர்னியா லவ்' ராப் பாட்டுக்கு அதுதான் அடித்தளம்.

ஜெர்மனியில் அவருக்கு ஏன் அவ்வளவு மவுசு?

பிரிட்டனும் அமெரிக்காவும் மறந்திருந்த வருடங்களிலும் ஐரோப்பியக் கண்டம் அவரைக் கைவிடவில்லை. விடாமல் அங்கே போய்ப் பாடினார். 1988 ஜூன் தொடக்கத்தில், பெர்லின் சுவர் இன்னும் நின்றுகொண்டிருந்தபோது, கிழக்கு பெர்லினின் வைசன்ஸே பகுதியிலும் டிரெஸ்டனிலும் பாடினார். மேற்கத்திய ராக் பாடகரை நேரில் பார்க்கும் வாய்ப்பே அரிதாக இருந்த பல்லாயிரம் இளைஞர்கள் திரண்டார்கள்.

குடும்ப வாழ்க்கை? குடியை விட்டாரா?

1987இல் பாம் பேக்கரை மணந்தார். கலிஃபோர்னியாவின் சான்டா பார்பரா பகுதியில் நடிகை ஜேன் ஃபோண்டாவுக்குச் சொந்தமான பண்ணையில் காக்கர் குடியிருந்தபோது, அங்கே சிறுவர் முகாமை நடத்தியவர் பாம். காக்கர் உயிரோடு எழுபது வயது வரை பாடியதில் பாமின் பங்கு பெரிது. தொண்ணூறுகளில் இருவரும் கொலராடோவில் கிராஃபர்ட் என்ற சிற்றூருக்குக் குடிபெயர்ந்து, 'மேட் டாக்' என்றே பெயர் வைத்த பண்ணையில் வாழ்ந்தார்கள். தக்காளி வளர்ப்பது, நாய்களோடு நடப்பது, மீன் பிடிப்பது என்று நாட்கள் போயின. அந்த வட்டாரச் சிறுவர்களுக்கு உதவ ஓர் அறக்கட்டளையும் நடத்தினார்கள். சிகரெட்டைத் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் விட்டார். குடியைக் கடைசியாக விட்டது 2000ஐ ஒட்டி.

2012இல் வந்த 'ஃபயர் இட் அப்' அவருடைய கடைசி ஸ்டுடியோ ஆல்பம். நுரையீரல் புற்றுநோயால் கிராஃபர்ட் வீட்டில் காலமானார். வயது 70.

என்னென்ன கௌரவங்கள் கிடைத்தன?

1983இல் கிராமி. 2007இல் பிரிட்டிஷ் அரசின் ஓ.பி.இ. பட்டம். ராக் கலைஞர்களைக் கௌரவிக்கும் அமெரிக்க அமைப்பான ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் மட்டும் இழுத்தடித்தது. 2014இல் அமெரிக்கப் பாடகர் பில்லி ஜோயல் தன் நிகழ்ச்சி மேடையிலிருந்தே, காக்கர் உடல்நலமில்லாமல் இருக்கிறார், அவர் அதில் இருக்க வேண்டியவர் என்று வெளிப்படையாகச் சொன்னார். மெக்கார்ட்னியும் பரிந்துரைத்தார். கடைசியில் 2025இல்தான் சேர்த்தார்கள், மறைந்து ஏறத்தாழ 11 வருடம் கழித்து. கவர் பாடகர்தானே என்ற அலட்சியம் இந்தத் தாமதத்துக்கு ஒரு காரணம் என்றே நான் நினைக்கிறேன். உயிரோடு இருக்கும்போது செய்திருக்க வேண்டும்.

பல்ப் என்ற ராக் குழுவின் பாடகர் ஜார்விஸ் காக்கர் இவருக்கு உறவா?

இல்லை. இருவரும் ஷெஃபீல்ட், ஒரே குடும்பப்பெயர், அவ்வளவுதான். ஜார்விஸின் தந்தை ஆஸ்திரேலியாவில் வானொலி அறிவிப்பாளராக இருந்தபோது ஜோவின் சகோதரர் என்று பலர் நம்பியதால் இந்தக் கதை பரவியது.

புதிதாகக் கேட்பவர் எதிலிருந்து தொடங்கலாம்?

உட்ஸ்டாக் காணொளியிலிருந்து தொடங்கவே எல்லாரும் சொல்வார்கள். நான் வேறு வரிசை சொல்கிறேன். முதலில் ரிங்கோ பாடிய மூலத்தைக் கேளுங்கள், உடனே 1968 ஸ்டுடியோ பதிவு, அதற்குப் பிறகு உட்ஸ்டாக். மூன்றையும் ஒரே மூச்சில் கேட்டால் ஒரு பாட்டு எவ்வளவு தூரம் பயணப்பட முடியும் என்பது காதுக்கே தெரிந்துவிடும். அடுத்து 'ஜோ காக்கர்!' என்ற 1969 ஆல்பம், அதைத் தொடர்ந்து 'மேட் டாக்ஸ்' முழுவதும், வேறு வேலை வைத்துக்கொள்ளாமல். எண்பதுகளின் பாட்டுகளில் சின்தசைசர் ஒலி சிலருக்கு ஒத்துவராது. அவர்கள் 1982இன் 'ஷெஃபீல்ட் ஸ்டீல்' ஆல்பத்துக்குப் போகலாம். பஹாமாஸில், ஜமைக்காவின் ரெகே இசை இரட்டையர் ஸ்லை டன்பரும் ராபி ஷேக்ஸ்பியரும் டிரம்ஸும் பேஸும் வாசிக்கப் பதிவானது. அதிகம் பேசப்படாத ஆல்பம், அவர் குரல் மிக நிதானமாக ஒலிப்பதும் அதில்தான்.